அம்மை குத்தியவர் முதல் பிபிஇ கிட் போட்டவர் வரை: அவர்கள் கதையைப் பதிவு செய்வது எப்படி

பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதாரப் பேரவை 1980 மே 8ஆம் தேதி அறிவித்தது. இந்தியாவின் கடைசி நோயாளிகள் 1975இல் வந்தவர்கள். அந்தக் காலத்தில் இருபது, இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்து தெருத்தெருவாகப் போய் அம்மை ஊசி குத்தியவர்களுக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இருப்பவர்கள் நம் தெருவிலேயே, "ஹெல்த் டிபார்ட்மெண்ட்டில் இருந்து ரிட்டயர் ஆனவர்" என்ற ஒரே வரி அறிமுகத்தோடு, காலையில் பால் பாக்கெட் வாங்கப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கொரோனா வார்டில் நின்றவர்கள் இளையவர்கள்தான், ஆனால் அவர்களும் அந்த நாட்களை மறக்கத் தொடங்கிவிட்டார்கள், சிலர் வேண்டுமென்றே.

இவர்கள் சொல்வதைப் பதிவு செய்து வைக்க ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டியதில்லை. ஒரு போன், ஒரு நோட்டு, கொஞ்சம் பொறுமை, அப்புறம் கீழே சொல்லப்போகிற சில விஷயங்கள் போதும். நான் எழுதுவது தமிழ்நாட்டை வைத்து. வேறு ஊர்க்காரர்கள் துறைப் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. "உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டால் "சேவை செய்ய ஒரு வாய்ப்பு, மனநிறைவு" என்று பதில் வரும். பாராட்டு விழா மேடையில் வரும் பதில் அது. "காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், பையில் என்னென்ன இருந்தது, முதல் வீட்டுக் கதவைத் திறந்தது யார்?" என்று கேளுங்கள். கதை தானாக வரும், உணர்ச்சியும் அதோடு வந்துவிடும்.

யாரைத் தேடுவது

பெரிய டாக்டர்களும் அதிகாரிகளும் பேட்டி கொடுத்துவிட்டார்கள், சிலர் புத்தகமே எழுதிவிட்டார்கள். அவர்களை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை, வரிசையில் கடைசியில் வையுங்கள். முதலில் தேட வேண்டியது சுகாதார ஆய்வாளர்களை, அதாவது ஊரில் "எச்.ஐ." என்று கூப்பிடுகிறவர்களை. அடுத்து "நர்சம்மா" என்றே பெயராகிப்போன கிராம சுகாதார செவிலியர்கள். மலேரியா ஒழிப்புத் திட்டத்தில் வீடு வீடாகப் போய், காய்ச்சல்காரர் இருந்தால் விரலில் குத்தி ரத்தத் துளியைக் கண்ணாடிச் சில்லில் தடவி எடுத்தவர்கள், டி.டி.டி. அடித்துவிட்டுச் சுவரில் தேதி எழுதிப் போனவர்கள். லேப் டெக்னீஷியன், ஜீப் டிரைவர், 108 ஆம்புலன்ஸ்காரர், தூய்மைப் பணியாளர், மயானத்தில் வேலை பார்த்தவர். கொரோனா காலத்தில் சில மாத ஒப்பந்தத்தில் எடுத்து, பிறகு வீட்டுக்கு அனுப்பப்பட்ட செவிலியர்களும் களப்பணியாளர்களும். இந்தக் கடைசிக் கூட்டத்தைக் கண்டுபிடிப்பதுதான் ரொம்பக் கஷ்டம், ஏனென்றால் பணிப்பதிவேடு கிடையாது, ஓய்வூதியர் சங்கம் கிடையாது, ஒரு குரூப் போட்டோகூட இருக்காது.

ஓய்வு பெற்ற அரசு ஊழியர்களைப் பிடிக்க நல்ல இடம் ஓய்வூதியர் சங்கக் கூட்டம். உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நீண்ட நாள் வேலை பார்க்கும் ஒருவரிடம் "உங்களுக்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள்?" என்று கேட்டால் இரண்டு மூன்று பெயர் கிடைக்கும். ஒருவரைப் பிடித்துவிட்டால் மற்றவர்கள் வந்துவிடுவார்கள். இவர்களுக்குள் தொடர்பு இன்னும் இருக்கிறது, கல்யாணப் பத்திரிகை வைத்துக்கொள்கிறவர்கள்தானே.

யார் முதலில் என்று குழம்பினால், வயதானவரின் குரலை முதலில் எடுங்கள், இளையவரின் போனில் இருப்பதை முதலில் எடுங்கள். எழுபத்தைந்து வயதுக்காரர் அடுத்த வருடமும் பேசுவார் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 2020இல் வேலை பார்த்தவருக்குப் பேச இன்னும் காலம் இருக்கிறது, ஆனால் அன்றைக்கு எடுத்த போட்டோ, டூட்டி லிஸ்ட், நள்ளிரவு வாய்ஸ் மெசேஜ் எல்லாம் இருக்கிற அந்தப் பழைய போன் எந்த நேரமும் எக்ஸ்சேஞ்சில் போய்விடும்.

போவதற்கு முன்

முதல் சந்திப்பில் ரெக்கார்டரை எடுக்காதீர்கள். காபி குடியுங்கள், யார் சொல்லி வந்தீர்கள் என்று சொல்லுங்கள், எதற்கு என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். "எனக்கு என்ன தெரியும், நான் சாதாரண ஆள், டாக்டரைப் போய்ப் பாருங்க" என்பார்கள். பெரும்பாலும் எல்லாரும் முதலில் சொல்வது இதுதான், இதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். "டாக்டர் ஊருக்கு வந்தது மாதத்தில் ஒரு நாள், நீங்கள்தானே தினமும் போனீர்கள்" என்று சொல்லிப் பாருங்கள்.

எப்படிக் கூப்பிடுவது என்பதும் முக்கியம். செவிலியராக இருந்தவரை "சிஸ்டர்" என்று கூப்பிட்டால் குரலே மாறும், ஆன்ட்டி என்று கூப்பிட்டால் பேரன் பேத்தி பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். எச்.ஐ.யை "சார்" என்றே கூப்பிடலாம். தூய்மைப் பணியாளரையும் "ஐயா", "அம்மா" என்றே கூப்பிடுங்கள். எழுபது வயதுக்காரரைப் பெயர் சொல்லி ஒருமையில் கூப்பிடுகிற ஊர்ப் பழக்கம் அவர் விஷயத்தில் எப்படி இருந்தது என்பதும் அவர் கதையில் ஒரு பகுதிதான், நீங்களும் அதையே செய்துவிடாதீர்கள்.

அந்தக் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். தேசிய பெரியம்மை ஒழிப்புத் திட்டம் 1962இல் தொடங்கியது. முதலில் எல்லாருக்கும் ஊசி என்று போனார்கள். பிறகு நோய் இருக்கிற வீட்டைத் தேடிப்பிடித்து அதைச் சுற்றி இருக்கிறவர்களுக்கெல்லாம் குத்துகிற முறைக்கு வந்தார்கள். பெரியம்மை வந்த குழந்தையின் படம் போட்ட அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, சந்தையிலும் பள்ளிக்கூடத்திலும் "இந்த மாதிரி யாரையாவது பார்த்தீர்களா?" என்று கேட்டுக்கொண்டு அலைந்தார்கள். கடைசிக் கட்டத்தில், தகவல் கொடுத்தால் 1,000 ரூபாய் பரிசு என்று அறிவித்தார்கள், அன்றைக்கு அது பெரிய பணம். இதெல்லாம் தெரிந்திருந்தால் "அட்டை வைத்திருந்தீர்களா சார்?" என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும், எதிரில் இருக்கிறவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

வருடம் கேட்டால் யாருக்கும் சரியாக நினைவிருக்காது. நம் ஊரில் அதற்கு ஒரு வழி இருக்கிறது, ஆட்சியைக் கேளுங்கள். "அப்போது கலைஞரா எம்.ஜி.ஆரா?" என்றால் உடனே பதில் வரும். எம்.ஜி.ஆர் முதல்வரானது 1977, அவர் இறந்தது 1987 டிசம்பர். நெருக்கடிநிலை 1975 முதல் 1977 வரை. தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது 1964 டிசம்பர். இந்திரா காந்தி சுடப்பட்டது 1984 அக்டோபர். சுனாமி 2004 டிசம்பர் 26. இதோடு அவரவர் கல்யாணம், மூத்த பிள்ளை பிறந்தது, முதல் டிரான்ஸ்ஃபர் ஆகியவற்றையும் ஒரு தாளில் கோடு போட்டு எழுதிக்கொண்டே வாருங்கள். அந்தத் தாளை அவர் முன்னாலேயே வைத்துப் பேசினால், "இல்லையே, பையன் பிறப்பதற்கு முன்னால்தான் அந்தக் காலரா வந்தது" என்று அவரே திருத்துவார்.

ஒப்புதல் தாள்

இது ஒரு பக்கம் போதும், வக்கீல் தமிழ் வேண்டாம். யார் பதிவு செய்கிறார், எதற்கு, எங்கே வைக்கப்படும், யார் கேட்கலாம், பிடிக்கவில்லை என்றால் எப்படித் திரும்ப வாங்கிக்கொள்வது, அவ்வளவுதான். அதில் மூன்று தேர்வுகள் கொடுங்கள்: எல்லாரும் கேட்கலாம், பெயர் இல்லாமல் எல்லாரும் கேட்கலாம், என் காலத்துக்குப் பிறகு கேட்கலாம். மூன்றாவதைக் கொடுத்தால் பல பேர் மனம் விட்டுப் பேசுகிறார்கள். மேலதிகாரி பற்றி, மருந்து இருப்பு பற்றி, கணக்கில் காட்டாத சாவு பற்றிச் சொல்ல அவர்களிடம் நிறைய இருக்கும். பென்ஷனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயமும் இருக்கும். பயப்படுகிறவரைச் "சும்மா சொல்லுங்க" என்று தள்ளாதீர்கள். கையெழுத்து போடத் தெரியாதவர் என்றால் தாளை வாசித்துக் காட்டி, அவர் சம்மதம் சொல்வதைப் பதிவிலேயே எடுத்துவிடுங்கள்.

நோயாளிகளின் பெயர் விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். பேசுகிறவர் தன் கதையைச் சொல்லச் சம்மதித்திருக்கிறார், அவர் பார்த்த நோயாளி சம்மதிக்கவில்லை. ஐம்பது வருடத்துக்கு முந்தைய அம்மை என்றாலும் "மேலத்தெரு இன்னார் வீட்டில் ஒளித்து வைத்திருந்தார்கள்" என்று ஊர்ப்பெயரோடு வெளியே போட்டால் அந்தக் குடும்பத்துக்கு இன்றைக்கும் சங்கடம். எச்.ஐ.வி. என்றால் பேச்சுக்கே இடமில்லை, ஒருவரின் நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மூலப் பதிவை அப்படியே பூட்டி வைத்துவிட்டு, வெளியே விடுகிற பிரதியில் பெயரை வெட்டிவிடுங்கள்.

பதிவு செய்யும் நாள்

போன் போதும். ஃபிளைட் மோடில் போடுங்கள், இல்லையென்றால் சரியாக முக்கியமான இடத்தில் லோன் வேண்டுமா என்று ஒருத்தர் கூப்பிடுவார். போன் மெமரியில் இடம் காலியாக இருக்கிறதா, சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரெக்கார்டர் செயலியில் தரத்தை உச்சத்தில் வையுங்கள், ஒலியைச் சுருக்காமல் சேமிக்கிற வேவ் (WAV) வடிவம் இருந்தால் அதிலேயே எடுங்கள். சட்டையில் குத்துகிற சின்ன காலர் மைக் ஒன்று வாங்கினால் நல்லது, அந்தச் செலவு வீண்போகாது. மைக் இல்லையென்றால் போனைத் துண்டை மடித்து அதன் மேல் வையுங்கள், மேசை மேல் நேராக வைத்தால் டம்ளர் வைக்கிற ஒவ்வொரு சத்தமும் இடி மாதிரி விழும்.

வீடியோ வேண்டுமா என்றால், முகத்துக்காக வேண்டாம், கைக்காக வேண்டும். கேமரா முன்னால் உட்காரவைத்தால் பாதிப் பேர் விறைத்துப்போகிறார்கள், அதனால் பேச்சை ஒலியாக எடுத்துவிட்டு, செய்துகாட்டச் சொல்கிற இடத்தில் மட்டும் வீடியோ எடுங்கள்.

நம் வீடுகளில் எதிரி மின்விசிறி. வெயில் காலத்தில் பெரியவரை ஃபேன் இல்லாமல் உட்கார வைக்க முடியாது, அதனால் வேகத்தைக் குறைத்து, போனைக் காற்று படாத பக்கம் வையுங்கள். குக்கர் விசில், தெருவில் காய்கறி வண்டி, பக்கத்து வீட்டு சீரியல் ஆகியவற்றை ஒன்றும் செய்ய முடியாது. காலை பத்து மணிக்கு மேல் பன்னிரண்டுக்குள் கொஞ்சம் அமைதியாக இருக்கும், மருந்து சாப்பிட்டு முடித்திருப்பார்கள், மதியத் தூக்கம் இன்னும் வந்திருக்காது. ஒரு தடவைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

ஆரம்பிக்கும்போது நீங்களே சத்தமாகத் தேதி, இடம், உங்கள் பெயர், அவர் பெயர், எந்த வேலையைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஃபைல் பெயர் மாறிப்போனாலும் குரலுக்குள்ளேயே விவரம் இருக்கும்.

குடும்பத்தார் ஒரு தனிப் பிரச்சினை. "அவருக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல, நான் சொல்றேன்" என்று மகன் ஆரம்பிப்பார். மனைவி உள்ளேயிருந்து திருத்துவார். சண்டை போடாமல், "உங்களிடமும் தனியாகப் பேசணும், அடுத்து உங்கள் முறை" என்று சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள். கொரோனா வார்டில் இருந்து வீடு திரும்பிய செவிலியரின் மாமியாரோ கணவரோ சொல்வது பல சமயம் அவர் சொல்வதைவிடக் கனமானது. தட்டை வாசலில் வைத்தது, குழந்தையை ஜன்னல் வழியாகக் காட்டியது, வீட்டு ஓனர் காலி பண்ணச் சொன்னது எல்லாம் அவர்கள் வாயிலிருந்துதான் வரும்.

என்ன கேட்பது

கைவேலையில் ஆரம்பியுங்கள். பெரியம்மைத் திட்டத்தின் பிற்காலத்தில் வந்தது இருமுனை ஊசி. கவட்டை மாதிரி இரண்டு சின்ன முனை, அதை மருந்துக் குப்பியில் நனைத்தால் இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு துளி தொங்கி நிற்கும், மேற்கையில் அதை வைத்து ஒரே இடத்தில் பதினைந்து தடவை வேகமாகக் குத்த வேண்டும், லேசாக ரத்தம் கசிந்தால் சரியாகக் குத்தியதாக அர்த்தம். அந்த வேலை பார்த்த ஒருவர் கையில் ஒரு பேனாவைக் கொடுத்து "எப்படிக் குத்துவீர்கள், காட்டுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். மணிக்கட்டை எதிராளியின் கையில் ஊன்றி, பேனாவைச் செங்குத்தாகப் பிடித்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டே குத்துவார். வீடியோ இதற்குத்தான். அதற்கு முந்தைய காலத்துக்காரர் என்றால், தோலில் வைத்துத் திருகுகிற வட்ட லான்செட்டைப் பற்றிச் சொல்வார், குழந்தைகள் அலறியதைச் சொல்வார். எந்தக் கருவி என்று கேட்டாலே எந்தக் காலம் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

கொரோனாக்காரர்களிடமும் இதே மாதிரிதான். பிபிஇ கிட்டை எந்த வரிசையில் போட்டீர்கள், எந்த வரிசையில் கழற்றினீர்கள், உள்ளே போனபின் தண்ணீர், பாத்ரூம் என்ன செய்தீர்கள், மாதவிடாய் நாட்களில் என்ன செய்தீர்கள், கண்ணாடியில் ஆவி படிந்தபோது நரம்பை எப்படிக் கண்டுபிடித்தீர்கள். முகம் தெரியாததால் முதுகிலோ நெஞ்சிலோ ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதிக்கொண்டு வார்டுக்குள் போனார்களே, யார் எழுதிவிட்டார்கள், என்ன எழுதினார்கள் என்று கேளுங்கள். களப்பணியாளர் என்றால் ஒரு நாளைக்கு எத்தனை வீடு, ஆக்சிமீட்டர் எத்தனை பேருக்கு ஒன்று, காய்ச்சல் முகாமுக்கு ஆட்களை எப்படிக் கூட்டி வந்தார்கள், தெருவைத் தகரம் வைத்து அடைத்தபோது எதிர்த்தவர்கள் யார். ஆம்புலன்ஸ் டிரைவரிடம் 2021 மே மாதத்தைக் கேளுங்கள், படுக்கையும் ஆக்சிஜனும் தேடி மருத்துவமனை வாசலில் வண்டி வரிசையாக நின்ற நேரத்தில் வண்டிக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று.

அடுத்தது கதவு. எந்தக் கொள்ளைநோயிலும் கதை வாசலில்தான் நடக்கிறது. அம்மன் வந்திருக்கிறாள், ஊசி போட்டால் கோபித்துக்கொள்வாள் என்று வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் எப்படிப் போனார்கள்? பூசாரியைக் கூட்டிக்கொண்டு போனார்களா? முதலில் தன் கையிலேயே குத்திக் காட்டினார்களா? திண்ணையில் உட்காரச் சொன்னார்களா, வாசலோடு நிற்க வைத்தார்களா, குடிக்கத் தண்ணீர் எந்தப் பாத்திரத்தில் கொடுத்தார்கள்? சாதி இந்தக் கேள்வியில் தானாக வெளியே வரும், நேராகக் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணும் இல்லை" என்று மூடிவிடுவார்கள். மயானத்தில் வேலை பார்த்தவரிடம் 2020இல் ஊர்க்காரர்கள் உடலை உள்ளே விட மறுத்த சம்பவங்களைக் கேட்கும்போதும் இதே நிதானம் வேண்டும்.

கட்டாயப்படுத்தியதையும் கேட்க வேண்டும், இதை விட்டுவிட்டால் பதிவு பாதிதான். பிடித்து வைத்துக் குத்திய சம்பவங்கள் உண்டு. நெருக்கடிநிலைக் காலத்தில் இதே சுகாதாரப் பணியாளர்கள் தலையில்தான் குடும்பக்கட்டுப்பாட்டு இலக்கையும் கட்டினார்கள், "கேஸ்", அதாவது கருத்தடைக்கு ஆள், பிடித்துத் தராவிட்டால் சம்பளம் நிற்கும் என்ற மிரட்டல் இருந்தது. ஊசியோடு வந்தவரைப் பார்த்து ஜனங்கள் ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம். "நீங்கள் செய்தது சரியா?" என்று நீதிபதி மாதிரி கேட்காதீர்கள். "இலக்கு எவ்வளவு கொடுத்தார்கள், முடியவில்லை என்றால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். தியாகி, கடவுள், முன்களப் போராளி மாதிரியான சொற்களை நீங்கள் முதலில் எடுக்காதீர்கள், எடுத்தால் அவர் அந்தப் பாத்திரத்துக்குள் போய் உட்கார்ந்துவிடுவார், அதற்குப் பிறகு தப்பு, பயம், எரிச்சல், வராத படிக்காசு எதைப் பற்றியும் பேசமாட்டார்.

பெரியம்மையா சின்னம்மையா என்பதைப் பலர் கலந்து சொல்வார்கள், குறிப்பாக நோயைச் சின்ன வயதில் பார்த்தவர்கள். கொப்புளம் முகத்திலும் கை காலிலும் நிறைய இருந்ததா, உள்ளங்கையிலும் இருந்ததா, அல்லது வயிறு முதுகில்தான் அதிகமா என்று கேட்டால் பிரித்துவிடலாம். முதலாவது பெரியம்மையின் அடையாளம். அந்த வேலையில் இருந்தவர்கள் இதை நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள்.

சின்னச் சின்ன விவரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். 1986இல் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதலில் தெரியவந்தது சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் செல்லப்பன் நிர்மலா என்ற மாணவி செய்த ஆய்வில். பல வருடம் கழித்து நிர்மலா அதைச் சொன்னபோது, ரத்த மாதிரிகளை வைக்க வசதி இல்லாமல் தன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்ததையும், கணவரோடு ஐஸ்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ராத்திரி ரயிலில் காட்பாடி போய் வேலூர் சி.எம்.சி.யில் சோதித்ததையும் சொன்னார். ஆய்வுக் கட்டுரையில் ஃப்ரிட்ஜுக்கு இடம் கிடையாது. அன்றைய வசதியின் நிலைமை என்ன, யார் தைரியத்தில் அந்த வேலை நடந்தது என்பது அந்த ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது. கேட்டிருந்தால்தான் கிடைக்கும்.

அழுதால்

அழுவார்கள். கொரோனாவில் கூட வேலை பார்த்தவரை இழந்தவர்கள் இருக்கிறார்கள். பதிவை நிறுத்தட்டுமா என்று கேளுங்கள், நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள், அவர் தொடரச் சொன்னால் பேசாமல் இருங்கள். தண்ணீர் கொடுப்பது, தோளைத் தட்டுவது எல்லாம் ஆளைப் பொறுத்தது. கனமான இடத்திலேயே முடித்துவிட்டுக் கிளம்பாதீர்கள், கடைசிக் கால் மணி நேரம் வேறு பேச்சுக்கு வையுங்கள், கேம்ப்பில் யார் நன்றாகச் சமைப்பார், ஜீப் எங்கே மாட்டிக்கொண்டது மாதிரி. மறுநாள் ஒரு போன் பண்ணுங்கள். தூக்கம் வரவில்லை, மனசு சரியில்லை என்று சொன்னால் அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416ஐச் சொல்லுங்கள், நீங்களே மனநல ஆலோசகராக மாற வேண்டாம்.

பெட்டியில் இருப்பவை

பேச்சு முடிந்ததும் "பழைய பேப்பர் ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள். டூர் டைரி இருக்கிறதா? சுகாதார ஆய்வாளர்கள் எந்த நாள் எந்த ஊர் போனோம் என்று எழுதியாக வேண்டும், சிலர் தங்கள் பிரதியைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அது தங்கம். வேலை உத்தரவு, டிரான்ஸ்ஃபர் ஆர்டர், பயிற்சிச் சான்றிதழ், அடையாள அட்டை, முகாமில் எடுத்த குரூப் போட்டோ, பாராட்டுக் கடிதம், மெமோ. மெமோவை வெட்கப்பட்டுக்கொண்டே எடுத்துக் காட்டுவார்கள், பாராட்டுக் கடிதத்தைவிட அதில்தான் விஷயம் இருக்கும். போட்டோவின் பின்பக்கத்தையும் படம் எடுங்கள். படத்தில் இருப்பவர்களை இடமிருந்து வலமாகப் பெயர் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அசலை வாங்கிக்கொண்டு போகாதீர்கள், அங்கேயே ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து எடுத்துவிடுங்கள்.

கொரோனாக்காரர்களிடம் பெட்டி என்பது வாட்ஸ்அப். வார்டு குரூப், டூட்டி குரூப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்ய அதிலேயே வசதி இருக்கிறது, அதை அவரே செய்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆனால் அந்த குரூப்களில் நோயாளிகளின் பெயர், போன் நம்பர், டெஸ்ட் ரிசல்ட் எல்லாம் கிடக்கும், மற்ற ஊழியர்களின் பேச்சும் இருக்கும். அதைத் திறந்து பார்க்காமல் பூட்டி வைக்கிற உறுதி இல்லையென்றால் வாங்கவே வாங்காதீர்கள். அவர் தனியாக அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், தான் எடுத்த போட்டோ இவை மட்டும் போதும். அனுப்பும்போது டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும்.

எழுத்தாக்குவது, சேமிப்பது

ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஒரு முழு நாள் போகும். இப்போது பேச்சை எழுத்தாக்கும் செயலிகள் தமிழுக்கும் இருக்கின்றன, சென்னைத் தமிழ் ஓரளவு வரும், நெல்லை, குமரி, கொங்கு என்றால் கன்னாபின்னாவென்று எழுதும், ஆக முழுக்கத் திருத்த வேண்டும். பேச்சைப் புத்தகத் தமிழாக்காதீர்கள். "ஊசி போட்டுட்டு வந்தேன்" என்றவரை "தடுப்பூசி செலுத்தித் திரும்பினேன்" என்று எழுதினால் அது வேறு ஆள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நேரக்குறி போடுங்கள். ஊர்ப்பெயர், அதிகாரியின் பதவி, மருந்தின் பெயர் புரியாத இடத்தில் ஊகிக்காமல் கேள்விக்குறி போட்டு வைத்து, இரண்டாவது சந்திப்பில் கேளுங்கள். இரண்டாவது சந்திப்பு கட்டாயம். எழுதியதை வாசித்துக் காட்டினால் விட்டுப்போனதெல்லாம் அப்போதுதான் வரும்.

அவர் சொன்ன வருடமோ எண்ணிக்கையோ அரசுப் பதிவோடு ஒத்துப்போகாவிட்டால் அவர் பேச்சில் கை வைக்காதீர்கள், ஓரத்தில் குறிப்பாக எழுதுங்கள். அரசு எண்ணிக்கைதான் சரி என்றும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, அந்த எண்ணிக்கையை மேலே அனுப்பியவரே உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கலாம்.

ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது தேதி, ஊர், நோய், பேசியவர் என்று ஒரே வரிசையில் வையுங்கள், "நியூ ரெக்கார்டிங் 14" என்று விட்டுவிடாதீர்கள். மூன்று பிரதி வேண்டும்: ஒன்று உங்கள் கணினியில், ஒன்று தனி ஹார்டு டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் அல்லது கிளவுடில். பென்டிரைவை நம்ப வேண்டாம், குடும்பத்துக்குக் கொடுக்க மட்டும் அது. வருடத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் திறந்து ஓடுகிறதா என்று பாருங்கள். ஒப்புதல் தாளின் படமும் அதே ஃபோல்டரில் இருக்கட்டும், பத்து வருடம் கழித்து யாராவது இதை வெளியிட நினைத்தால் முதலில் தேடுவது அதைத்தான்.

உங்களுக்குப் பிறகு யார் வைத்திருப்பார்கள் என்பதையும் யோசியுங்கள். உள்ளூர் மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறை, பல்கலைக்கழக வரலாற்றுத் துறை, சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் மாதிரியான இடங்களில் கேட்டுப் பாருங்கள், எடுத்துக்கொள்வார்களா, எந்த வடிவத்தில் வேண்டும் என்று. இலங்கைத் தமிழர்களின் பதிவு என்றால் 'நூலகம்' என்ற பெயரிலேயே ஒரு நிறுவனம் இருக்கிறது, வாய்மொழி வரலாறுகளையும் சேகரிக்கிறார்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் யார் வேண்டுமானாலும் ஏற்றலாம், ஆனால் ஏற்றினால் உலகத்துக்கே திறந்துவிட்ட மாதிரி, எல்லாரும் கேட்கலாம் என்று கையெழுத்து போட்டவர்களின் பதிவை மட்டும் அங்கே ஏற்றுங்கள். பெரியம்மை ஒழிப்பில் வேலை பார்த்த அமெரிக்கர்களின் பேட்டிகளை எமரி பல்கலைக்கழகமும் அங்குள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சேர்ந்து 'குளோபல் ஹெல்த் கிரானிக்கிள்ஸ்' என்ற பெயரில் இணையத்தில் வைத்திருக்கின்றன. எப்படிக் கேள்வி கேட்கிறார்கள், எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார்கள் என்பதற்காக ஒன்றிரண்டு கேட்டுப் பாருங்கள். இந்தியாவில் நடந்த வேலையைப் பற்றி அதில் நிறைய இருக்கிறது, அவர்களோடு ஜீப்பில் போன நம் ஆட்களின் குரல் ரொம்பக் குறைவு.

யூடியூபில் போடுவதாக இருந்தால் கமெண்ட்டை மூடிவிட்டுப் போடுங்கள். தடுப்பூசி என்றாலே சண்டைக்கு வருகிற கூட்டம் ஒன்று இருக்கிறது, எண்பது வயதில் ஒருவர் அதைப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. போடுவதற்கு முன் குடும்பத்துக்கு அனுப்பி ஒரு வாரம் டைம் கொடுங்கள்.